ஹௌமெட் டிஎக்ஸ்: கியர்பாக்ஸ் இல்லாத காரும் அதன் மூன்றாவது புகைக்குழாயும்

1968 பிப்ரவரி, அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயம். தகுதிச் சுற்றில் ஏழாவது இடம் பிடித்த ஒரு கார், போர்ஷே 907களும் ஃபோர்டு ஜிடி40களும் இருந்த முன்வரிசைக் கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. 34ஆவது சுற்றில் ஒரு வளைவை நெருங்கும்போது ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கார் அதைக் கேட்கவில்லை. பின்சக்கரங்களுக்கு விசை வந்துகொண்டே இருந்தது. கார் சுவரில் மோதியது, பந்தயம் அதோடு முடிந்தது.

டயரில் குறையில்லை, பிரேக்கில் குறையில்லை, எஞ்சினும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. திறக்க வேண்டிய ஒரு வால்வு திறக்கவில்லை, அவ்வளவுதான். பிஸ்டன் எஞ்சினுக்குப் பதில் டர்பைனில், அதாவது சூடான வாயு பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும் எஞ்சினில் ஓடிய ஹௌமெட் டிஎக்ஸ் என்ற இந்தக் காரின் பந்தய வாழ்க்கை ஏறத்தாழ எட்டு மாதம். அதன் வெற்றிகளையும் விபத்துகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பகுதி அந்த வால்வைச் சுற்றியே நடந்திருக்கிறது. டர்பைன் கார்களைப் பற்றிப் பேசுவோர் "வேகம் போதவில்லை", "எரிபொருள் அதிகம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். டிஎக்ஸின் விஷயத்தில் அது சரியான நோயறிதல் ஆகாது. அதற்கு விசை இருந்தது. அந்த விசை ஓட்டுநரின் காலுக்குக் கட்டுப்படுவதுதான் கடினமாக இருந்தது.

யார் கட்டினார்கள், எதைக் கொண்டு

பிலடெல்பியாவைச் சேர்ந்த ஓட்டுநரும் பொறியியலாளருமான ரே ஹெப்பன்ஸ்டாலின் யோசனை இது. பணமும் உலோக அறிவும் தந்தது ஹௌமெட் கார்ப்பரேஷன். விமான டர்பைன்களுக்கான பிளேடுகளையும் பிற உயர்வெப்ப உலோகக் கலவைப் பாகங்களையும் வார்த்துக் கொடுக்கும் நிறுவனம் அது. இன்று ஹௌமெட் ஏரோஸ்பேஸ் என்ற பெயரில் அதே தொழிலில் இருக்கிறது. சுவாமிமலையில் திருமேனி வார்ப்பவர்கள் மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுகிறார்களே, அடிப்படையில் அதே முறைதான் டர்பைன் பிளேடு வார்ப்புக்கும். மண்ணுக்குப் பதில் செராமிக் கூடு, வெண்கலத்துக்குப் பதில் நிக்கல் கலவை. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு டர்பைனில் ஓடும் பந்தயக் காரைவிடப் பொருத்தமான விளம்பரம் கிடைக்காது. பெயரிலிருந்த டிஎக்ஸ், 'டர்பைன் எக்ஸ்பெரிமென்டல்' என்பதன் சுருக்கம்.

காரின் சட்டத்தைக் கட்டியவர் இல்லினாய் மாநிலத்தின் பாப் மெக்கீ. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூண்டுச் சட்டம், மேலே மூடிய உடல், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். மொத்தம் இரண்டு கார்கள். முதலாவது, மெக்கீயிடம் ஏற்கெனவே இருந்த கான்-ஆம் (வட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத் தொடர்) கார் ஒன்றின் சேஸிஸை மாற்றியமைத்தது. இரண்டாவது டர்பைனை மனத்தில் வைத்தே புதிதாகக் கட்டியது, அச்சுகளுக்கிடையே தூரம் சற்று அதிகம்.

எஞ்சின் கான்டினென்டல் ஏவியேஷன் அண்ட் இன்ஜினியரிங் நிறுவனத்தின் டிஎஸ்325-1. ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றுக்காக உருவாக்கப்பட்டது, ஆனால் அந்த ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அதனால் சில எஞ்சின்கள் கைவசம் இருந்தன, அவற்றை இரவலாகப் பெற்றார்கள். எடை வெறும் 77 கிலோ. ஏறத்தாழ 350 குதிரைத்திறன். இதே திறனுள்ள அக்காலத்து 3 லிட்டர் பிஸ்டன் பந்தய எஞ்சின் இதைவிடப் பன்மடங்கு கனக்கும். கூடவே ரேடியேட்டர், தண்ணீர், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் சேரும். டிஎக்ஸுக்குத் தண்ணீரே தேவையில்லை.

விதிப்புத்தகத்தில் இருந்த இடைவெளி

1968இல் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு (எஃப்ஐஏ) புரோட்டோடைப் (பந்தயத்துக்கென்றே கட்டும் கார்கள்) பிரிவின் எஞ்சின் அளவை 3 லிட்டருக்குக் குறைத்தது. முந்தைய ஆண்டு வென்ற 7 லிட்டர் ஃபோர்டு, 4 லிட்டர் ஃபெராரி எல்லாம் ஒரே நாளில் வெளியே போயின. டர்பைனுக்கு சிலிண்டரும் இல்லை, பிஸ்டனும் இல்லை. ஆகவே அதன் அளவை லிட்டரில் சொல்ல ஒரு சமன்பாடு இருந்தது. டர்பைனுக்குள் வாயு நுழையும் குறுகிய வாய்களின் பரப்பையும், கம்ப்ரஸர் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதையும் வைத்துப் போடும் கணக்கு அது. அந்தக் கணக்கில் டிஎஸ்325-1க்கு வந்த விடை 2,958 சிசி. எல்லைக்கோட்டுக்கு 42 சிசி உள்ளே.

இந்தக் கணக்குதான் கார் பிறந்ததற்கே காரணம் எனலாம். அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் டர்பைன்களுக்கு எதிர்த்திசையில் காற்று வீசிக்கொண்டிருந்தது. 1967இல் பார்னெலி ஜோன்ஸ் ஓட்டிய எஸ்டிபி டர்பைன் கார் முன்னணியில் போய், கடைசி நான்கு சுற்றுக்குள் கியர்பாக்ஸ் பேரிங் உடைந்து நின்றது. வெல்லாமலே போனாலும் அந்தக் கார் எல்லோரையும் பயமுறுத்திவிட்டது. காற்று நுழையும் வாயின் பரப்பை 23.999 சதுர அங்குலத்திலிருந்து 15.999க்கு வெட்டிவிட்டார்கள். நெடுந்தூர ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் அப்படிப்பட்ட வெட்டு விழவில்லை. முன்னோடியும் இருந்தது: 1963இல் ரோவர்-பிஆர்எம் டர்பைன் கார் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை முழுதாக ஓடி முடித்தது, 1965இல் மீண்டும் வந்து பத்தாவது இடம் பெற்றது. ஓடி முடிக்கலாம் என்பது நிரூபணமாகியிருந்தது. வெல்ல முடியுமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

கியர்பாக்ஸ் ஏன் தேவைப்படவில்லை

டிஎஸ்325-1 ஒரே எஞ்சின் போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு தனித்தனி சுழலிகள். முன்பகுதியில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரும் அதைச் சுழற்றும் டர்பைனும் ஒரே தண்டில். இதை வாயு உற்பத்திப் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். உச்சத்தில் நிமிடத்துக்குச் சுமார் 57,000 முறை சுழலும். அங்கிருந்து பாயும் சூடான வாயு, பின்னால் தனித்தண்டில் இருக்கும் விசை டர்பைனைச் சுழற்றுகிறது. இரண்டு தண்டுகளுக்கும் இடையே பல்சக்கரத் தொடர்பு கிடையாது, வாயுதான் தொடர்பு. விசை டர்பைனின் வேகத்தைக் குறைப்புப் பல்சக்கரங்கள் இறக்கி, வெளித்தண்டில் அதிகபட்சம் 6,789 சுற்றாகக் கொடுக்கின்றன.

இதனால் கிடைக்கும் பெரிய வரம், நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 350 குதிரைத்திறன் 6,789 சுற்றில் என்றால் முறுக்கு விசை சுமார் 367 நியூட்டன் மீட்டர். ஆனால் வெளித்தண்டு நிற்கும்போது, வாயு முழு வேகத்தில் பாய்ந்தால், சொல்லப்பட்ட முறுக்கு விசை 650 பவுண்டு-அடி, அதாவது 880 நியூட்டன் மீட்டர். உச்ச வேகத்தில் இருப்பதைப்போல 2.4 மடங்கு. பிஸ்டன் எஞ்சினில் முதல் கியர் போட்டுப் பெறும் பெருக்கத்தில் ஒரு பகுதியை விசை டர்பைன் தானாகவே தந்துவிடுகிறது. கிளட்ச் எரியும் கவலை இல்லை, கியர் தவறிப் போடும் கவலை இல்லை. 24 மணி நேரப் பந்தயத்தில் ஆயிரக்கணக்கான கியர் மாற்றங்கள் அடியோடு இல்லாமல் போவதன் மதிப்பை, இரவு மூன்று மணிக்குப் பிட்டில் (களத்தோரப் பழுதுபார்ப்பு இடம்) கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் ஒரே ஒரு விகிதம் என்பதால் பந்தயக் களத்துக்குத் தகுந்தபடி, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் பல்சக்கரங்களை மாற்றியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, பின்டயரின் விட்டம் 65 செ.மீ. என்று கொள்வோம். சுற்றளவு 2.04 மீட்டர். மணிக்கு 290 கி.மீ. வேண்டுமென்றால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,370 முறை சுழல வேண்டும், விகிதம் 2.86. நேர்ச்சாலை குட்டையான களத்தில் 230 கி.மீ. போதும் என்றால் விகிதத்தை 3.61 ஆக்கலாம். சக்கரத்தில் கிடைக்கும் இழுவை 26 விழுக்காடு கூடும். கியர்பாக்ஸ் உள்ள காரில் இந்த முடிவு தவறினாலும் வேறு கியரில் ஓரளவு சமாளிக்கலாம். டிஎக்ஸில் தவறினால் வளைவுக்கு வளைவு அதன் விலையைக் கொடுத்தே தீர வேண்டும்.

பின்னோக்கிப் போவது இன்னொரு தொல்லை. விதிப்படி பந்தயக் காருக்கு ரிவர்ஸ் வேண்டும். டர்பைனை எதிர்த்திசையில் சுழற்ற முடியாது, கியர்பாக்ஸும் கிடையாது. பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய மின்மோட்டாரைப் பொருத்தி அந்த விதியை நிறைவேற்றினார்கள்.

தாமதம்: காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

நல்ல பிஸ்டன் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமே விசை வருகிறது. டர்பைனில் அப்படி இல்லை. காலை எடுத்தால் எரிபொருள் குறைந்து, 57,000 சுற்றில் இருந்த வாயு உற்பத்திப் பகுதி வேகம் இழக்கிறது. மறுபடி மிதித்தால் அது தன் நிறைவேகத்துக்கு ஏற வேண்டும். எரிபொருளை அவசரப்பட்டு ஊற்றவும் முடியாது: காற்று போதாத நேரத்தில் எரிபொருள் கூடினால் டர்பைன் வெப்பநிலை தாறுமாறாக ஏறி பிளேடு வெந்துபோகும், அல்லது கம்ப்ரஸரில் காற்றோட்டம் பின்வாங்கித் திணறும். அதனால் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஏற்றும்.

ஹெலிகாப்டரில் இது பிரச்சினையே அல்ல, அங்கே எஞ்சின் வேகம் பெரும்பாலும் மாறுவதில்லை. பந்தயக் காரில் ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். தாமதம் ஒன்றரை விநாடி என்று வைத்தாலும், 120 கி.மீ. வேகத்தில் வளைவை விட்டு வெளியேறும் கார் அதற்குள் 50 மீட்டர் போய்விடும். நேர்ச்சாலையின் முதல் 50 மீட்டர் விசையில்லாமல் கழிந்தால், அந்த நேர்ச்சாலை முழுக்க அந்த இழப்பு தொடரும்.

டிஎக்ஸ் இதற்குக் கண்ட வழிதான் வேஸ்ட்கேட். டர்போ எஞ்சின்களில் உள்ள வேஸ்ட்கேட்டின் வேலை அழுத்தம் மிஞ்சாமல் காப்பது. இங்கே வேலை வேறு. ஓட்டுநர் காலை எடுக்கும்போது வாயு உற்பத்திப் பகுதியை உயர்ந்த வேகத்திலேயே ஓடவிட்டு, அதன் வாயு விசை டர்பைனைத் தொடாமல் ஒரு பக்கவழியாக வெளியேற வால்வு திறக்கும். மறுபடி மிதித்தால் வால்வு மூடும், தயாராகச் சுழன்றுகொண்டிருக்கும் பகுதியிலிருந்து வாயு உடனே சக்கரத்துக்கு வேலை செய்யும். காரின் பின்புறத்தில் தெரியும் மூன்று பெரிய குழாய்களில் இரண்டு விசை டர்பைனின் புகைக்குழாய்கள். மூன்றாவது இந்த வேஸ்ட்கேட்டுக்கானது.

அழகான தீர்வு. ஆனால் இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரணக் காரில் காலை எடுத்தால் எஞ்சின் விசையை நிறுத்துகிறது. ஏதாவது பழுதானால்கூடப் பெரும்பாலும் விசை இல்லாமல் போகும். இங்கே எஞ்சின் விசையை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, வால்வு அதை வெளியே திருப்பிவிடுகிறது. வால்வு திறக்க மறுத்தால் ஓட்டுநர் காலை எடுத்ததற்கு எந்தப் பலனும் இல்லை. பாதுகாப்பான பக்கம் சாயாமல் ஆபத்தான பக்கம் சாயும் அமைப்பு இது. இவ்வளவு சூடான வாயு போகும் வழியில், அசையும் தண்டும் தாங்கியும் உள்ள எந்த வால்வும் விரிவடைந்து இறுகுவதற்கு வாய்ப்புள்ள பாகம். அதை ஒரு சுற்றுக்குப் பத்து முறை, 24 மணி நேரம் தவறாமல் வேலைசெய்யச் சொல்வது பெரிய கோரிக்கை.

வால்வு சிக்கினால் ஓட்டுநர் எதை எதிர்த்துப் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும்? மேலே சொன்ன 2.86 விகிதத்தையும், முறுக்கு விசை 880இலிருந்து 367க்கு நேர்கோடாகக் குறைகிறது என்றும் எடுத்துக்கொண்டால், 180 கி.மீ. வேகத்தில் சக்கரங்களின் தள்ளுவிசை 4,900 நியூட்டனுக்கு அருகில் வரும். பிரேக் பிடிக்கும் காரை அரை டன் விசை பின்னாலிருந்து தள்ளுவதற்குச் சமம். வேகம் குறையக் குறைய இந்தத் தள்ளு இன்னும் கூடும், ஏனென்றால் மெதுவாகச் சுழலும்போதுதான் விசை டர்பைனின் முறுக்கு அதிகம். மிதித்துத் துண்டிக்கக் கிளட்சும் இல்லை.

எல்லாம் சரியாக வேலைசெய்யும்போதுகூட ஓட்டும் முறை தனி. இரண்டே பெடல், இடக்காலால் பிரேக், வலக்காலால் ஆக்ஸிலரேட்டர். தனித்தண்டு டர்பைனில் எஞ்சின் பிரேக்கிங் கிடையாது என்பதால் வேகம் குறைக்கும் முழுச் சுமையும் பிரேக் தட்டுகள் மேல். வளைவின் நடுவிலேயே, விசை தேவைப்படும் முன்பே மிதித்து வைக்க வேண்டும். நிற்கும்போதும், எஞ்சின் குறைவேகத்தில் சும்மா ஓடுகையிலேயே கார் முன்னே நகரப் பார்க்கும், பிரேக்கில் பிடித்தே வைத்திருக்க வேண்டும்.

செப்ரிங்கும் பிராண்ட்ஸ் ஹாட்சும்

டேடோனாவுக்கு அடுத்தது மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளத்தின் கான்கிரீட் ஓடுபாதைகளில் அமைந்த களம். வாஷிங்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் டிக் தாம்சன் தகுதிச் சுற்றில் காரை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். புதிதாகக் கட்டிய, இரவல் எஞ்சின் பூட்டிய ஒரு கார், தொழிற்சாலை அணிகளுக்கு நடுவே மூன்றாவது. காரின் வாழ்க்கையில் வேகத்துக்கான மிகத் தெளிவான சான்று இதுதான். பந்தயத்தில் பாதியிலேயே நின்றது.

ஏப்ரலில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச், பிஓஏசி 500. தாம்சனோடு சேர்ந்து ஓட்டியவர் ஹியூ டிப்ளி. பந்தயத்துக்குப் பணம் கொடுத்த அதே பிஓஏசி விமான நிறுவனத்தில் விமானி அவர். ஜெட் எஞ்சினின் தாமதத்தைத் தொழிலிலேயே அறிந்தவர். ஆனாலும் பத்துச் சுற்றுகூட முடியவில்லை. மீண்டும் வேஸ்ட்கேட் சிக்கி, கார் களத்தின் ஓரக் கரையில் மோதியது. பிராண்ட்ஸ் ஹாட்ச் ஏற்ற இறக்கமும் அடுத்தடுத்த வளைவுகளும் நிறைந்த களம். கால் ஓயாமல் ஏறி இறங்கும், வால்வும் ஓயாமல் திறந்து மூடும். இந்தக் காருக்கு இதைவிடக் கடுமையான இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இரண்டு மாத இடைவெளியில் ஒரே காரணத்துக்காக இரண்டு மோதல்.

வென்ற கோடை

ஐரோப்பாவிலிருந்து திரும்பியதும் அணி சிறிய பந்தயங்களுக்குப் போனது. கண்ணியமான, சரியான முடிவு. பெரிய பந்தயத்தில் காரைக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது. அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்சிசிஏ நடத்திய பந்தயத்தில் ஹெப்பன்ஸ்டாலே ஓட்டினார், வென்றார். டர்பைனில் ஓடும் கார் ஒன்று பந்தயம் வென்றது உலகில் அதுவே முதல் முறை. பிறகு மேரிலாந்தின் மார்ல்பரோ களத்திலும் வெற்றி. இரண்டு முதன்மை வெற்றிகளோடு தகுதிப் பந்தயங்களில் இரண்டு வெற்றிகளும் கணக்கில் சேர்ந்தன.

இந்த வெற்றிகளைச் சின்னப் பந்தயம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. அமெரிக்கத் தென்பகுதியின் கோடை, டர்பைனுக்கு ஆகாத பருவம். காற்று சூடானால் அடர்த்தி குறையும், அதே கம்ப்ரஸர் குறைவான காற்றையே விழுங்கும். எளிய சிறு டர்பைன்களில் 15 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் முக்கால் முதல் ஒரு விழுக்காடு வரை திறன் போகும் என்பது பொதுவான மதிப்பீடு. 30 டிகிரி நாளில் 350 குதிரைத்திறன் 300க்கு அருகில் இறங்கிவிடும். அந்த நிலையிலும் வென்றது.

ஜூலை 14, வாட்கின்ஸ் கிளென் 6 மணி நேரம். உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம். இரண்டு கார்களும் இறங்கின. ஜாக்கி இக்ஸ், லூசியன் பியாங்கி ஓட்டிய ஃபோர்டு ஜிடி40 வென்றது, இன்னொரு ஜிடி40 இரண்டாவது. போர்ஷே 908கள் சிக்கலில் மாட்டிப் பின்தங்கின. ஹெப்பன்ஸ்டாலும் தாம்சனும் ஓட்டிய டிஎக்ஸ் மூன்றாவதாக முடித்தது. வென்ற காருக்குப் பல சுற்றுகள் பின்னால்தான், உண்மை. ஆனால் ஆறு மணி நேரம் வால்வும் சரி, எஞ்சினும் சரி, தாக்குப்பிடித்தன. முன்னால் முடித்த இரண்டும் 5 லிட்டர்வரை அனுமதிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் பிரிவுக் கார்கள் என்பதால் பெரிய புரோட்டோடைப் பிரிவில் டிஎக்ஸுக்கே முதலிடம். உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு டர்பைன் கார் புள்ளி பெற்றது அதற்குமுன் நடந்ததில்லை. இரண்டாவது கார் பழுதுகளோடு பன்னிரண்டாவது இடத்தில் முடித்தது.

பிராண்ட்ஸ் ஹாட்சுக்கும் வாட்கின்ஸ் கிளெனுக்கும் நடுவே கார் பெரிதாக மாறிவிடவில்லை. அதே எஞ்சின், அதே சட்டம். கால் எப்போது எடுக்க வேண்டும், எப்போது மிதிக்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குப் பழகியிருந்தது. எங்கே சிக்கும் என்று மெக்கானிக்குகளுக்குப் பழகியிருந்தது. அந்த இரண்டு மூன்று மாத ஓட்டம் பருவம் தொடங்கும் முன்பே கிடைத்திருந்தால் டேடோனா வேறுமாதிரி முடிந்திருக்கும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

லெ மான்

வழக்கமாக ஜூனில் நடக்கும் லெ மான், அந்த ஆண்டு பிரான்ஸின் மே மாதக் கொந்தளிப்பால் செப்டம்பர் 28, 29க்குத் தள்ளிப்போனது. இந்தக் களம்தான் காரின் உண்மையான இலக்கு. கிட்டத்தட்ட ஆறு கி.மீ. மியுல்சான் நேர்ச்சாலை, முழு விசையில் நீண்ட ஓட்டம். காகிதத்தில் பார்த்தால் டர்பைனுக்கென்றே போட்ட சாலை. அந்த ஆண்டுதான் பிட்டுக்கு முன்னால் ஃபோர்டு ஷிகேன் என்ற புதிய மெதுவளைவைச் சேர்த்திருந்தார்கள். வேகமாக வந்து, நன்றாகக் குறைத்து, மறுபடி ஏற்ற வேண்டிய இடம். தாமதமுள்ள எஞ்சினுக்கு அது ஒரு தனித் தண்டனை.

ஆனால் இம்முறை வேஸ்ட்கேட் காலை வாரவில்லை. எரிபொருளை அளந்து விடும் உணரி அமைப்பு பழுதாகி, எஞ்சினுக்குப் போதிய எரிபொருள் போகவில்லை. நேர்ச்சாலையில் ஆள வேண்டிய கார், நேர்ச்சாலையில்தான் தள்ளாடியது. டர்பைனில் எரிபொருள் கட்டுப்பாடு எஞ்சினின் மூளை. வேகம், அழுத்தம், வெப்பம் ஆகியவற்றின் அளவீடுகளை வைத்து அது எரிபொருளைத் தீர்மானிக்கிறது. ஓர் உணரி தவறாகச் சொன்னால், எஞ்சினைக் காப்பாற்றும் நோக்கில் அது எரிபொருளைக் குறைத்துவிடும். அந்தக் காலத்து இயந்திர, நீரியல் கருவிகளில் எந்த உணரி பொய் சொல்கிறது என்று பிட்டில் நின்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல.

டிப்ளியும் பாப் டுலியஸும் ஓட்டிய காருக்குச் சக்கர பேரிங்கும் போனது. மாற்ற மூன்று மணி நேரம் ஆனது. டர்பைனுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத, எந்தக் காருக்கும் வரக்கூடிய பழுது. ஓட வேண்டிய தூரத்தை எட்டவில்லை என்று அதை விலக்கிவிட்டார்கள். தாம்சனிடம் இருந்த மற்றொரு கார் இண்டியானாபோலிஸ் என்ற பெயருள்ள வளைவில் உருண்டது. அவருக்குப் பெரிய காயமில்லை. காரின் பந்தய வாழ்க்கை அங்கே முடிந்தது.

பழுதுகளைப் பிரித்துப் பார்த்தால்

இந்த எட்டு மாதத்தின் தோல்விகளில் கம்ப்ரஸர் சிதறியது, பிளேடு உருகியது, விசை போதவில்லை என்பவை பெரிய காரணங்களாக வரவில்லை. ஹௌமெட் வார்த்த பாகங்கள் தாக்குப்பிடித்தன. தோற்றவை பெரும்பாலும் எஞ்சினுக்கும் காருக்கும் நடுவே இருந்தவை: டேடோனாவிலும் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் வேஸ்ட்கேட், லெ மானில் எரிபொருள் உணரி. அவற்றோடு பேரிங் போன்ற வழக்கமான பழுதுகள்.

வேஸ்ட்கேட்டுக்கு மாற்றாக என்ன செய்திருக்கலாம்? ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினாலே எரிபொருளைத் துண்டிக்கும் தனி இணைப்பு ஒன்று இருந்திருந்தால், வால்வு சிக்கினாலும் எஞ்சின் தணியும். டர்பைன் வேகம் இறங்கச் சில நொடி ஆகும் என்பதால் முழுத் தீர்வாகாது, ஆனாலும் சுவரில் மோதும் வேகம் குறையும். வால்வைச் சுருள்வில்லால் திறந்த நிலைக்கு இழுத்து வைத்து, மூடுவதற்கு மட்டும் விசை தேவைப்படும்படி அமைப்பது இன்னொரு வழி. வெப்பத்தில் இறுகிய தண்டை வில் விடுவிக்குமா என்பது வில்லின் பலத்தைப் பொறுத்தது. இரண்டு சிறு வால்வுகளை இணையாக வைத்தால் ஒன்று சிக்கினாலும் பாதி வாயு வெளியேறும். எடையும் குழாய்களும் கூடும். ஒரே எட்டு மாதத்தில், இரவல் எஞ்சினோடு, இரண்டே காரோடு இதையெல்லாம் சோதிக்க அணிக்கு நேரம் இருக்கவில்லை.

அதே ஆண்டு இண்டியானாபோலிஸில் லோட்டஸ் 56 டர்பைன் கார்களும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் விழுந்தன. ஜோ லெனார்ட் முன்னணியில் இருந்தபோது, பந்தயம் முடிய ஒன்பது சுற்று இருக்கையில், எரிபொருள் பம்பின் தண்டு முறிந்தது. அங்கும் டர்பைன் நன்றாகவே இருந்தது, அதற்குத் தீனி போடும் பாகம்தான் போனது.

பந்தயத்துக்குப் பிறகு

ஹௌமெட் அணியை முடித்துக்கொண்டாலும் காரை உடனே மூலையில் போடவில்லை. 1970இல் அலபாமாவின் டாலடேகா களத்தில் ஒரு காரைக் கூரையில்லாமல் மாற்றி, டர்பைன் கார்களுக்கான ஆறு எஃப்ஐஏ வேகச் சாதனைகளை நிறுவினார்கள். நின்ற நிலையிலிருந்து குறுகிய தூரங்களைக் கடக்கும் ஓட்டங்கள். எடை சேர்த்து இரண்டு எடைப் பிரிவுகளிலும் ஓட்டினார்கள். நின்ற நிலையில் 2.4 மடங்கு முறுக்கு விசை தரும் எஞ்சினுக்கு மிகப் பொருத்தமான வேலை. வளைவு இல்லை, காலை எடுக்க வேண்டியதும் இல்லை.

பிறகு டர்பைன்கள் கான்டினென்டலுக்குத் திரும்பின. எஞ்சின் இல்லாத இரண்டு கார்களையும் ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்கு ஹெப்பன்ஸ்டாலிடமே விற்றார்கள். பல ஆண்டுகள் கழித்துக் காருக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது டிஎஸ்325-1 கிடைக்கவில்லை. அதன் இடத்தில் உட்கார்ந்தது அல்லிசன் 250, பெல் ஜெட்ரேஞ்சர் ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்ட அதே வகை எஞ்சின். அதுவும் தனித்தண்டு விசை டர்பைன் கொண்டதுதான், ஆகவே இன்றும் அந்தக் காரில் கிளட்சும் இல்லை, கியர் லீவரும் இல்லை.